கம்மல் கழன்ற கண்ணாடி

ஊட்டிக்குப் போய்வந்தவர்களிடம் என்னென்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஏரியில் படகு விட்டதைச் சொல்வார்கள். தொட்டபெட்டாவில் நின்று பல் கிடுகிடுத்ததைச் சொல்வார்கள். வர்க்கி வாங்கியதையும், அது வீடு வந்து சேர்வதற்குள் பொடியாகிப் போனதையும் சொல்வார்கள். ஆனால் "எங்கள் காரின் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன்" என்று ஒருவராவது சொல்லி நான் கேட்டதில்லை. மலைக்குப் போகிறவர்கள் பார்க்க வேண்டிய வஸ்துக்களில் அதற்கு முதல் ஸ்தானம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாக என்னோடு மலை ஏறி வாருங்கள், சொல்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் பிரயாணத்தைத் தொடங்குவோம். அங்கே உயரம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 330 மீட்டர்தான். தை மாதத்தில்கூடப் பகல் பத்து மணிக்குச் சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டுக்கொள்ளத் தோன்றும். பக்கத்துத் தண்டவாளத்தில் அந்தப் பல்சக்கர ரயில் பெருமூச்சு விட்டுக்கொண்டு புறப்படும். 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் போன கிழட்டு ரயில்; 2005-ல் யுனெஸ்கோகாரர்கள் அதை உலகச் சொத்து என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கு டிக்கெட் கிடைக்காத நம்மைப் போன்றவர்கள்தாம் காரில் போகிறோம். 2024 மே மாதம் காருக்கும் இ-பாஸ் என்று ஒன்று வந்து சேர்ந்தது. அது வேறு கதை.

கல்லாறு தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். குன்னூர் போய்ச் சேர்வதற்குள் மொத்தம் பதினான்கு. ஒவ்வொன்றிலும் எத்தனையாவது வளைவு என்று பலகை நட்டிருக்கிறார்கள். குழந்தைகள் எண்ணிக்கொண்டு வருவார்கள்; பெரியவர்கள் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருவார்கள். பர்லியாறு வரையில் பாக்கு மரமும் பலா மரமும் நம்மோடு கூடவே வரும். அதற்கப்புறம்தான் காற்றில் ஒரு ஜில்லிப்பு தட்டும். "கண்ணாடியை ஏற்றிவிடு, குழந்தைக்குச் சளி பிடித்துவிடும்" என்று பின் சீட்டிலிருந்து ஓர் உத்தரவு பிறக்கும். இது எல்லாக் குடும்பத்திலும் நடப்பதுதான்.

கண்ணாடிகள் ஏறுகின்றன. உள்ளே ஐந்து பேர் மூச்சு விடுகிறார்கள். ஒருவர் மடியில் நனைந்த குடை. இன்னொருவர் கையில் ஃப்ளாஸ்க்கிலிருந்து ஊற்றிய காப்பி. அத்தனை ஈரமும் போக வழியில்லாமல் காருக்குள்ளேயே சுற்றுகிறது. வெளியே குளிர் ஏற ஏறக் கண்ணாடியும் குளிர்ந்துபோகிறது. குளிர்ந்த தண்ணீர் வைத்த டம்ளரின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் பூக்கிறதல்லவா? அதே காரியம்தான் காரின் கண்ணாடியில், உட்புறத்தில் நடக்கிறது. முன் கண்ணாடிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஏ.ஸி.யைப் போட்டு, உஷ்ணத்தையும் கூட்டி, காற்றை மேலே திருப்பினால் உலர்ந்த வெப்பக் காற்று அதைத் துடைத்துவிடும். பின் கண்ணாடிக்கு அப்படி ஊதிவிட யாருமில்லை. அது மௌனமாக வெளுத்துப் போகிறது. குன்னூர் மேகம் எதிரில் வந்து கட்டிக்கொள்ளும் நேரத்தில், பின்னால் லாரி வருகிறதா, பஸ் வருகிறதா, பழனி மலைப் பஞ்சாமிர்தம் வருகிறதா என்று ஒன்றும் தெரியாது.

இதற்காகவே பின் கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய கோடுகள் போட்டு வைத்திருக்கிறார்கள். பழுப்பு நிறத்தில், இடமிருந்து வலமாக, நோட்டுப் புத்தகத்தில் ரூல் போட்டது போல இருக்கும். அழகுக்காகப் போட்டது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அநேகம். ரேடியோவுக்கான ஏரியல் என்று என் அத்தை பிள்ளை சாதித்தான். சில கார்களில் அதுவும் உண்டாகையால் அவனை முழுக்கத் தப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் முக்கியமான வேலை வேறு. ஒரு பொத்தானை அமுக்கினால் அந்தக் கோடுகளில் மின்சாரம் ஓடிச் சூடேறும், பனித்திரை விலகும். பெயர் டீஃபாகர். பொத்தானில் நீள்சதுரம் ஒன்று போட்டு, அதற்குள் ஆவி எழும்புவதைப் போல் மூன்று வளைந்த கோடுகள் போட்டிருப்பார்கள். விசிறி மாதிரி வளைந்த படம் போட்டிருந்தால் அது முன் கண்ணாடிக்கு. சமவெளியில் கார் ஓட்டுகிறவர்களில் பலர் அந்த நீள்சதுரத்தை ஒரு தடவைகூடத் தொட்டிருக்க மாட்டார்கள். எல்லாக் கார்களிலும் இந்த வசதி கிடையாது; விலை கூடின ரகங்களில்தான் வைப்பார்கள்.

சரி, குன்னூரைத் தாண்டி, கேத்திப் பள்ளத்தாக்கின் காரட் வயல்களை எட்டிப் பார்த்துவிட்டு, ஊட்டிக்கு வந்துவிட்டோம். உயரம் சுமார் 2,240 மீட்டர்.

என் தங்கை வீடு தலைக்குந்தா போகும் பக்கத்தில், ஒரு சரிவின் அடியில் இருக்கிறது. நீலகிரியில் உறைபனியைப் பார்க்க வேண்டுமானால் உச்சிக்குப் போகக் கூடாது, பள்ளத்துக்குத்தான் போக வேண்டும். மேகமில்லாத, காற்றில்லாத இரவில் நிலம் தன் சூட்டையெல்லாம் வானத்துக்குக் கொடுத்துவிடும். கனமான குளிர்காற்று தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். கார்த்திகையில் தொடங்கி மாசி வரையில் இந்த விளையாட்டு நடக்கும். விடியற்காலை கதவைத் திறந்தால் புல்வெளி முழுக்க உப்பு தூவியது போல் இருக்கும். தாவரவியல் பூங்காவில் மலர்ச் செடிகளுக்கு மிலார்ச் செடியைக் கொண்டு பந்தல் போட்டு மூடி வைப்பார்கள். தேயிலைக்கு அப்படி யார் மூட முடியும்? பனி விழுந்த கொழுந்து, வெயில் பட்டதும் கருகிப் போகும். ஊருக்கு வந்தவர்கள் "ஆகா, காஷ்மீர்!" என்று போட்டோ எடுப்பார்கள். தோட்டக்காரர் தலையில் கை வைத்துக்கொள்வார்.

நான் போயிருந்தது ஜனவரியில். காலை ஏழே காலுக்கு ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஒரு விசித்திரக் காட்சி. என் தங்கை ஸ்வெட்டரின் மேல் சால்வை, சால்வையின் மேல் இன்னொரு சால்வை, தலையில் மப்ளர் சகிதமாக வாசலில் காருக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வாங்கோ... வாங்கோ... ஒடிங்கோ... போதும், போதும்!" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். உள்ளே மாப்பிள்ளை பின்னோக்கிக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். குழந்தை பள்ளிக்கூடப் பையை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. பின் கண்ணாடி சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது.

"இது என்னடி கூத்து?" என்று கேட்டேன்.

"தினமும் இதான் அக்கா. பின்னாடி ஒண்ணும் தெரியாது இவருக்கு. நான்தான் கண்ணாடி" என்றாள்.

பின் காட்சி காட்டும் காமிரா இல்லையா என்று கேட்பீர்கள். அது வருவதற்கு முந்திய ரகம் அந்தக் கார். காமிரா இருந்தாலும் அதன் கண்ணிலும் பனித்துளி உட்கார்ந்துகொள்ளும் என்று மாப்பிள்ளையின் நண்பர் ஒருவர் அனுபவத்தில் சொன்னார்.

வேடிக்கையாகத்தான் இருந்தது, தங்கை மேற்கொண்டு சொல்லும் வரையில். முந்தின வாரம் ஒரு நாள் புல்லில் உறைந்த பனியில் சக்கரம் வழுக்கி, கார் அவள் சொன்ன இடத்தில் நிற்காமல் இன்னும் ஒரு முழம் கீழே வந்துவிட்டதாம். அவள் வேலிப் பக்கம் ஒதுங்கிக்கொண்டாள். சேலை முள்ளில் மாட்டிக் கிழிந்தது. "சேலையோட போச்சு" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரிவில் பின்னோக்கி வரும் வண்டிக்குப் பின்னால் ஒரு மனுஷியை நிறுத்தி வைத்து வழி கேட்பதைவிட அபாயமான ஏற்பாடு வேறு உண்டா? வீட்டில் எத்தனையோ ஓட்டைகளை அடைப்பதற்கு நாமே போய் நின்றுவிடுகிறோம், பாருங்கள். பழகிப் போய்விடுகிறது.

பொத்தான் இருக்கிறதே, அதை அமுக்கினால் என்ன என்றேன். அமுக்கினார்கள். விளக்கு எரிந்தது, கண்ணாடி அப்படியே இருந்தது. சமவெளியில் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஏற்கெனவே காட்டியாகிவிட்டதாம். கண்ணாடியோடு சேர்ந்த சாமான் அது, கண்ணாடியையே மாற்ற வேண்டும் என்று ஐந்து இலக்கத்தில் ஒரு தொகை எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காகிதத்தை மடித்து டைரியில் வைத்துவிட்டு, தங்கையைப் பின்னால் நிறுத்த ஆரம்பித்திருக்கிறார் மாப்பிள்ளை.

ஊட்டி பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில் மின்சார வேலை மட்டும் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் "பாய்". வயது அறுபதுக்கு மேல். கையில் ஒரு டெஸ்ட் லாம்ப். அதாவது ஒரு சின்ன பல்பு, இரண்டு ஒயர். அவ்வளவுதான் ஆயுதம். மல்டிமீட்டரும் வைத்திருக்கிறார், அதை விசேஷ நாட்களில் கட்டும் பட்டுப்புடவை போல அபூர்வமாகத்தான் வெளியே எடுப்பார்.

முதலில் பியூஸைப் பார்த்தார். நன்றாக இருந்தது. பிறகு பின் கதவைத் திறந்து, கதவின் கீல் பக்கத்தில் ஒயர்கள் போகும் ரப்பர்க் குழாயை விரலால் தடவிப் பார்த்தார். கதவைத் திறந்து திறந்து மூடுவதால் அங்கே ஒயர் மடிந்து முறிந்துபோவது சகஜமாம். அங்கேயும் குற்றமில்லை. கண்ணாடியின் ஓரத்திலிருந்த பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றினார். உள்ளே ஓர் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் நுனியில், சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரியதாக, ஒரு தகடு. ஒயரின் நுனிக்கும் வண்டியின் உடம்புக்கும் நடுவே பல்பைப் பிடித்து, பொத்தானை அமுக்கச் சொன்னார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"இது வரைக்கும் கரண்டு வருது. இதுக்கப்புறம் போக வழி இல்லை. அம்மா, காதுலேருந்து கம்மல் கழண்டு விழுந்திருக்கு. கம்மல் கழண்டதுக்குக் காதையே மாத்தச் சொல்றாங்களே!" என்றார்.

இதைவிடத் தெளிவாக எந்த இஞ்சினீயரும் சொல்லியிருக்க முடியாது. கண்ணாடியின் இரண்டு ஓரங்களிலும் மேலிருந்து கீழாக அகலமான பட்டை ஒன்று இருக்கும். குறுக்குக் கோடுகள் அத்தனையும் அந்த இரண்டு பட்டைகளுக்கு நடுவில்தான் ஓடுகின்றன. ஒரு பட்டைக்குக் கரண்டு வருகிறது. கோடுகள் வழியாக மற்றப் பட்டைக்குப் போய் வெளியேறுகிறது. பட்டையோடு ஒயரைச் சேர்ப்பது இந்த ஒரு தகடுதான். அது விட்டுப்போனால் இந்தக் கண்ணாடியில் கோடுகள் மொத்தமும் செத்துப்போகும்.

எதனால் கழன்றிருக்கும்? பாய் பின்பக்கம் கிடந்த சாமான்களைப் பார்த்தார். அதில் ஓர் ஒயர்க் கூடை இருந்தது. "இதோட கைப்பிடி மாட்டி இழுத்திருக்கும். இல்லைன்னா காரட் மூட்டை இடிச்சிருக்கும்" என்றார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் காரட்டைப் பார்த்தேன்.

இப்போது ஒரு சந்தேகம் உங்களுக்கு வரும். தகடு கழன்றால் மறுபடியும் ஈயம் வைத்துப் பற்றவைத்தால் போகிறது. இதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம் எதற்கு? நானும் அதையே கேட்டேன். பாய் தலையை ஆட்டினார்.

அந்தக் கோடுகள் வெறும் மையல்ல, அம்மா, வெள்ளி என்றார். வெள்ளித் தூளையும் கண்ணாடித் தூளையும் களிம்பாகக் குழைத்து, கண்ணாடியின் மேல் அச்சிடுகிறார்கள். பிறகு அந்தக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி வளைத்து, சட்டென்று குளிரவைத்துக் கெட்டிப்படுத்தும்போது, வெள்ளி அதோடு ஒன்றிப் போய்விடுகிறது. பத்தர் பொடி வைத்து ஊதிச் சேர்க்கிறாரே, அதற்குத் தம்பி முறை. சாதாரண ஈயப் பற்றில் தகரமும் கலந்திருக்கும். உருகிய தகரம் வெள்ளியைக் கரைத்துத் தன்னோடு இழுத்துக்கொண்டுவிடும். அனுபவமில்லாதவர் சூட்டுக்கோலை வைத்து இரண்டு நிமிஷம் தேய்த்தால், பட்டையில் வெள்ளி இருந்த இடத்தில் வெறும் கண்ணாடிதான் மிஞ்சும். அதற்கென்று வெள்ளி கலந்த பற்று தனியாக இருக்கிறது; அதை வைத்துச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் குளிர்ந்த கண்ணாடியில் ஒரு புள்ளியை மட்டும் சுட்டால் அது பொறுத்துக்கொள்ளாது. கெட்டிப்படுத்திய கண்ணாடி விரிசல் விட்டு நிற்கிற ஜாதியல்ல. விட்டால் ஒரேயடியாகக் கற்கண்டு போல உதிர்ந்துவிடும். அப்போது அந்த ஐந்து இலக்கத் தொகை வாஸ்தவமாகவே தேவைப்படும்.

கணத்தில் ஒட்டும் பசையைப் போட்டால்? ஒட்டும், கரண்டு போகாது. தகட்டுக்கும் வெள்ளிக்கும் நடுவே பாய் விரித்தாற்போல் அது படுத்துக்கொள்ளும். இப்படி ஒட்டிக்கொண்டு வருகிறவர்கள்தாம் தம்மிடம் அதிகம் என்றார். அந்தப் பசையைச் சுரண்டி எடுப்பதற்குள் வெள்ளியும் கூட வந்துவிடுகிறதாம்.

பாய் வைத்திருந்தது வேறு பசை. அரால்டைட் போல இரண்டு பாகமாக வருகிறது. ஆனால் அதற்குள் வெள்ளித் தூள் கலந்திருக்கிறது. அதனால் பிடிப்பும் உண்டு, கரண்டும் போகும். விலை கொஞ்சம் அதிகம்தான், கடுகளவுதான் வேண்டியிருக்கும்.

அவர் வேலை செய்ததைப் பார்த்தது, ஒரு நல்ல சமையல்காரர் கத்தரிக்காய் நறுக்குவதைப் பார்த்த மாதிரி இருந்தது. முதலில் தகட்டை ஒயரிலிருந்து பிரித்தார். அதன் அடியில் மேடும் பள்ளமுமாக ஒட்டியிருந்த பழைய ஈயத்தை மெல்லிய அரத்தால் தேய்த்துச் சமமாக்கினார். கண்ணாடியில் தகடு இருந்த இடத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்தார். பிறகு ரொம்பவும் மிருதுவான இரும்புப் பஞ்சால், குழந்தையின் முகத்தில் பவுடர் போடுவது போல, நாலைந்து தடவை தடவினார். பழுப்பு மறைந்து ஒரு மினுமினுப்புத் தெரிந்ததும் நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல தேய்ச்சா வெள்ளி போயிடும்." மறுபடியும் ஸ்பிரிட். அதற்கப்புறம் அந்த இடத்தை விரலால் தொட எங்களை விடவில்லை. விரலின் எண்ணெய்ப் பசை போதுமாம், ஒட்டு விட்டுப் போவதற்கு.

தகட்டின் அளவுக்கு இடம் விட்டுச் சுற்றிலும் மாஸ்கிங் டேப்பை ஒட்டினார். ஒரு தகரத் துண்டின் மேல் இரண்டு பாகத்தையும் சம அளவு எடுத்து, தீக்குச்சியால் குழைத்தார். மை கூட்டுகிற மாதிரி. குழைத்தபின் சில நிமிஷங்களுக்குள் வேலை முடிய வேண்டும். தகட்டின் அடியில் மெல்லிசாக ஒரு பூச்சு, பட்டையின் மேல் ஒரு பூச்சு. தகட்டை வைத்து அமுக்கி, அது நகராமல் இருக்க அதன் மேல் குறுக்காக இரண்டு டேப். ஒயரை மாட்டவேயில்லை. ஒயரின் கனம் தொங்கினால் தகடு வழுகிவிடும் என்று அதைத் தனியாகச் சுருட்டி ஓரத்தில் வைத்தார்.

மொத்தம் முப்பது நிமிஷ வேலை. கூலியும் அதற்குத் தகுந்ததுதான்.

"எப்போ ஓட்டலாம் பாய்?"

"வண்டியை இன்னிக்கே ஓட்டுங்க. சுவிட்சை மட்டும் தொடாதீங்க. கீழ்நாட்டுல இருபத்துநாலு மணி நேரம். இங்க குளிருக்குப் பசை சோம்பலா இருக்கும். ரெண்டு நாள் விடுங்க. பகல்ல பின்பக்கத்தை வெயிலுக்குக் காட்டி நிறுத்துங்க. பின் கதவை அடிச்சுச் சாத்தாதீங்க."

அந்த இரண்டு நாளும் என் தங்கை அந்தக் காரை வடாம் காயப்போட்ட மாதிரி காவல் காத்தாள். ஊட்டியில் ஜனவரி மாத மத்தியான வெயிலுக்கு ஒரு தனிச் சுகம் உண்டு. நிழலில் நின்றால் விறைக்கும். வெயிலில் நின்றால் முதுகு சுடும். கண்ணாடிகளை ஏற்றி வைத்த காருக்குள்ளே நல்ல கதகதப்பு. நிழல் நகர நகரக் காரையும் நகர்த்த வேண்டும் என்று மாப்பிள்ளையைச் சாப்பாட்டுப் பாதியில் எழுப்பினாள்.

இரண்டு நாள் கழித்துப் பாய் வந்தார். தகட்டை இடுக்கியால் அசையாமல் பிடித்துக்கொண்டு ஒயரை மெள்ளச் செருகினார். இப்படிப் பிடிக்காமல் ஒயரை நெட்டித் தள்ளினால், ஒட்டிய தகடு அப்போதே பெயர்ந்துவிடுமாம். ஒயரைக் கொஞ்சம் தளர்வாக விட்டுப் பட்டைக்குள் மறைத்து மூடினார். வேலை நன்றாக ஆயிற்றா என்று பார்க்க அவர் சொன்ன வழி, ரூபாய் செலவில்லாதது. மறுநாள் காலை கண்ணாடி முழுக்கப் பனி பூத்திருக்கும்போது என்ஜினை ஓடவிட்டுப் பொத்தானை அமுக்கி, எட்ட நின்று வேடிக்கை பாருங்கள் என்றார்.

பார்த்தோம். முதல் இரண்டு நிமிஷம் ஒன்றுமில்லை. தங்கையின் முகம் தொங்கிப்போயிற்று. பிறகு வெள்ளைத் திரையில் ஒரு கோடு தெளிந்தது. இன்னொன்று. பொழுது விடியாத வாசலில் இழைக்கோலம் விழுவது போல, இடமிருந்து வலமாகக் கோடுகள் எழுந்தன. ஒவ்வொன்றும் அகலமாகி அடுத்ததோடு கைகோத்துக்கொண்டது. அந்தப் பக்கத்து வேலியும், வேலிக்கு அப்பால் பனி பூத்த புல்லும், பால்காரரின் சைக்கிளும் கண்ணாடி வழியாகத் தெரிந்தன. மாப்பிள்ளை பின்னோக்கி ஓட்டினார். தங்கை வாசற்படியிலேயே காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பழக்க தோஷத்தில் ஒரு கை மட்டும் "வாங்கோ, வாங்கோ" என்று தானாக ஆடிற்று.

கேட்பதற்கு மந்திரம் போலிருந்தாலும் இதில் செலவாகும் மின்சாரம் அப்படியொன்றும் பெரிதல்ல. பன்னிரண்டு வோல்ட் பாட்டரியிலிருந்து பத்து முதல் இருபது ஆம்பியர் வரை இழுக்கும். நம் வீட்டு இஸ்திரிப் பெட்டி இழுக்கும் வாட்டில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் பாட்டரிக்கு அது பாரம்தான். ஆகையால் என்ஜின் ஓடும்போது மட்டுமே போட வேண்டும். பல கார்களில் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் தானாகவே அணைந்துவிடும். அணைந்ததும் கெட்டுப்போயிற்று என்று பயப்பட வேண்டாம்.

நீங்கள் காரை ஓட்டுகிறவராக இல்லாவிட்டாலும், அதைத் துடைக்கிறவராகவோ, அதில் சாமான் அடுக்குகிறவராகவோ இருப்பீர்கள். பின் கண்ணாடியின் ஆயுள் உங்கள் கையில்தான் அதிகம் இருக்கிறது. கோடுகள் உட்புறத்தில் இருப்பதால், உள்ளே துடைக்கும்போது மெத்தென்ற துணியால் கோடு போகிற போக்கிலேயே, பக்கவாட்டில் துடைக்க வேண்டும். மேலும் கீழுமாகத் தேய்த்தால் கோட்டின் விளிம்பு அரிந்துபோகும். குழந்தைகள் ஒட்டிய ஸ்டிக்கரையோ, திருப்பதியில் வாங்கி ஒட்டிய படத்தையோ பிளேடால் சுரண்டி எடுக்கவே கூடாது. ஈரத் துணியைப் போட்டு ஊறவைத்து உரிக்கலாம். 2012-ல் கறுப்பு ஃபிலிம் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னபோது, அவசரத்தில் ஃபிலிமைக் கிழித்து, அதோடு வெள்ளிக் கோட்டையும் கிழித்துக்கொண்டவர்கள் உண்டு. பெட்டி, குக்கர் அட்டை, மூட்டை எதுவானாலும் கண்ணாடிக்கு நாலு விரல் இடம் விட்டு அடுக்குங்கள்.

இன்னொன்று. வெளிப்புறம் உறைபனி படிந்திருந்தால் சமையலறையிலிருந்து கொதிக்கும் வெந்நீரைக் கொண்டுவந்து ஊற்றுகிற வழக்கத்தை மலை வீடுகளில் பார்த்தேன். கண்ணாடி படாரென்று போய்விடும். குழந்தையின் பிளாஸ்டிக் ஸ்கேலால் வெளிப்புறத்தை வழித்து விட்டாலே போதும். அந்த ஸ்கேல் உள்ளே போகக் கூடாது.

தங்கை வீட்டுக் காரில் இன்னும் ஒரு குறை பாக்கியிருக்கிறது. அந்தக் காலைக் கோலத்தில் கீழிருந்து மூன்றாவது கோடு மட்டும் எழும்பவில்லை. அங்கே ஒரு வெள்ளைப் பட்டை கடைசி வரை நின்றது. எங்கேயோ ஒரு மயிரிழை வெட்டு. தீபாவளிக்கு மாட்டும் விளக்குச் சரத்தில் ஒரு பல்பு போனால் அந்தச் சரம் முழுவதும் அணைகிற மாதிரி, கோட்டில் ஓர் இடத்தில் அறுந்தாலும் அந்தக் கோடு முழுவதும் குளிர்ந்துவிடும். பக்கத்துக் கோடுகளுக்குப் பாதகமில்லை. பாய் தம் பட்டுப்புடவையை, அதாவது மல்டிமீட்டரை, அன்றைக்கு வெளியே எடுத்தார். அதன் முனையில் ஜிகினாத் தாளைச் சுற்றிக்கொண்டு கோட்டின் மேல் மெள்ள நகர்த்தினார். முள் பன்னிரண்டிலேயே நின்றுகொண்டு வந்தது. ஓர் இடத்தில் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. "இங்கதான்" என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். அந்த வெட்டின் மேல் பூசுவதற்கென்று வெள்ளிச் சாயம் சின்னச் சீசாவில் விற்கிறார்கள். இரண்டு பக்கமும் டேப் ஒட்டி நடுவில் ஒரு இழை தடவிக் காயவைத்தால் ஆயிற்று. இதை நீங்களே செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சீசா வாங்கியாகிவிட்டது. நான் ஊர் திரும்பும்போது சமையலறை அலமாரியில் பெருங்காய டப்பாவுக்குப் பக்கத்தில், வெயிலடிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக அது காத்துக்கொண்டிருந்தது.